நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?

சிங்கப்பூர் சுற்றுலாவில் ஒரு நாளைப் போர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விக்கும் தயாராகப் போங்கள்.

சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மெர்லயன் சிலை, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், சென்டோசா, நைட் சஃபாரி, தேக்காவில் ஒரு வாழையிலைச் சாப்பாடு, கடைசி நாள் முஸ்தபாவில் கோடாலித் தைலமும் சாக்லேட்டும். இந்தப் பட்டியலில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதானே கடன்பட்டாவது கூட்டிக்கொண்டு போகிறோம்? ஆனால், அதே ஊரில் நம் தாத்தாக்கள் காலத்துப் போர் ஒன்று கண்ணாடிப் பெட்டிகளுக்குள்ளும் கல்வெட்டுகளிலும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம்மவர்களின் கதை. அந்தப் பக்கமே திரும்பாமல் விமானம் ஏறிவிடுகிறோம்.

கோடை விடுமுறையில் நாங்கள் போனபோது, ஒரு முழு நாளை இதற்கென்று வைத்துக்கொண்டோம். என் அம்மா, மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், நான்காம் வகுப்பு மகன். "லீவுல வந்தும் ஹிஸ்டரியா?" என்றான் மகன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் அதிகம் கேட்டவள் அவள்தான்.

அப்பர் புக்கிட் தீமா சாலையில், பழைய டூரிங் கால சினிமா தியேட்டரின் முகப்பைப்போல நிற்கிறது ஃபோர்டு கார் தொழிற்சாலை. 1941-ல் கட்டி முடித்தார்கள். தென்கிழக்கு ஆசியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் முதல் கார் இணைப்பு ஆலை இதுதான். வேலை சூடு பிடிப்பதற்குள் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பர் 8 அதிகாலை, மலேயாவின் வடகிழக்கே கோத்தாபாருவில் ஜப்பான் படை கரையிறங்கியது. அன்று விடிவதற்குள் சிங்கப்பூர் மீது குண்டுகள் விழுந்தன; தெருவிளக்குகளைக்கூட யாரும் அணைத்திருக்கவில்லை. இரண்டே நாளில் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் கடலுக்குள் போயின. ஜனவரி 31-ல் ஜொகூர் பாலத்தைப் பிரிட்டிஷார் தாங்களே வெடிவைத்து உடைத்தார்கள். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்தார்கள். ஒரு வாரம்கூட முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை.

1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சீனப் புத்தாண்டின் முதல் நாள். நகரத்தில் குடிக்கத் தண்ணீர் தீரும் நிலை. நீர்த்தேக்கங்கள் எதிரியின் கையில். மாலையில் பிரிட்டிஷ் தரப்பின் ஜெனரல் பெர்சிவல் வெள்ளைக்கொடி பிடித்தவர்களோடு இந்தத் தொழிற்சாலைக்கு நடந்து வந்தார். இங்கே ஓர் அறையில்தான், நிபந்தனையற்ற சரணடைவுக்குச் சம்மதமா இல்லையா என்று ஜப்பான் தரப்பின் ஜெனரல் யமஷிதா அழுத்திக் கேட்டார். பெர்சிவல் கையெழுத்துப் போட்டார். விழவே விழாத கோட்டை என்று பிரிட்டன் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஊர் விழுந்தது. 80,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அவர்களைத் தோற்கடித்த ஜப்பான் படையின் எண்ணிக்கை அதில் பாதியைவிடக் குறைவு.

அந்த அறை இன்றும் இருக்கிறது. மேஜை மட்டும் அசல் இல்லை. அசல் மேஜை ஆஸ்திரேலியாவின் கான்பரா போர் நினைவகத்தில் இருக்கிறது. மகள் அந்த மேஜையையும் சுவரிலிருந்த புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள், அந்தப் பக்கம் ஜப்பானியர்கள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அப்பா, இதுல நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?"

சினிமாவில் சண்டைக் காட்சி பார்க்கிற எந்தப் பிள்ளையும் முதலில் கேட்பது இதைத்தான். அந்த அறையில் நின்றுகொண்டு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அன்று நாள் முழுக்க நாங்கள் ஊரைச் சுற்றியது அந்தப் பதிலைத் தேடித்தான் என்று சொல்ல வேண்டும்.

முதல் பதில்: நம் ஆட்கள் தோற்ற பக்கத்தில் இருந்தார்கள். சரணடைந்த 80,000 சொச்சம் பேரில் பெரும்பங்கு இந்தியச் சிப்பாய்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து, கப்பலேறி, முன்பின் தெரியாத ரப்பர் காட்டில் பின்வாங்கியபடியே போரிட்டவர்கள்.

இரண்டாவது பதிலுக்கு முஸ்தபா கடைப் பக்கம் வர வேண்டும். அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது ஃபேரர் பார்க் திடல். சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, வெள்ளைக்கார வீரர்களைச் சாங்கிக்கு அனுப்பிவிட்டு இந்தியர்களை மட்டும் இங்கே கூட்டினார்கள். சுமார் 45,000 பேர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார். அடுத்து கேப்டன் மோகன் சிங் பேசினார்: இந்திய விடுதலைக்காக ஒரு படை அமைக்கிறோம், வாருங்கள் என்று. இந்திய தேசிய ராணுவம் அந்தத் திடலில்தான் உருக்கொண்டது.

அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு சிப்பாயின் மனதில் என்ன ஓடியிருக்கும்? சிலர் நாட்டுக்காகச் சேர்ந்தார்கள். சிலர் தங்கள் ஆட்களைச் சிறைக் கொடுமையிலிருந்து காக்கலாம் என்று சேர்ந்தார்கள். சிலர் போட்ட சத்தியத்தை மீற மாட்டோம் என்று மறுத்தார்கள். அப்படி மறுத்தவர்களில் பலரை நியூகினித் தீவுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. சேர்ந்தவர்களை வீரர் என்கிறோம். மறுத்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்களாக, ஒரே பட்டாளத்தில் இருந்தவர்களாக இருந்திருப்பார்கள்.

மெர்லயன் சிலையிலிருந்து பாலத்தைத் தாண்டி நடந்தால் எஸ்பிளனேட் பூங்கா. பக்கத்திலேயே பாடாங் புல்வெளி. 1943 ஜூலை 5 அன்று சுபாஷ் சந்திர போஸ் இங்கேதான் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, டெல்லிக்குப் புறப்படுவோம் என்று முழங்கினார். மறுநாள் அதே மைதானத்தில் ஜப்பான் பிரதமர் தோஜோ வந்து நின்றார். 1945 ஜூலையில், போர் முடியும் தறுவாயில், உயிர்நீத்த வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னத்துக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று அதை இடித்தது. 1995-ல் சிங்கப்பூர் அரசு அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தது. நாங்கள் போனபோது அதன் முன்னால் எங்களைத் தவிர யாரும் இல்லை. நூறடி தள்ளி, நம் ஊர்க்காரர்கள் கூட்டங்கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்கு அங்கே பிடித்துப்போனது, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சிராணி படையின் கதை. சென்னையில் மருத்துவம் படித்துவிட்டுச் சிங்கப்பூரில் தொழில் செய்துகொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தளபதி. 1943 அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்த பெண்களில் பலர் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அதில் உண்டு. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் துப்பாக்கி பிடித்தார்கள். "என் வயசுப் பொண்ணுங்களா?" என்று கேட்டாள். கொஞ்சம் பெரியவர்கள் என்றேன். கோலாலம்பூரிலிருந்து வந்து சேர்ந்தபோது ஜானகி தேவர் பதினெட்டு வயதைத் தாண்டியிராத பெண். பின்னாளில் மலேசிய அரசியலில் தடம் பதித்தார். 2000-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

இதுவரை சொல்வது எளிது. பெருமையாகவும் இருக்கும். பெற்றோர் பலர் இங்கேயே நிறுத்திக்கொள்ளத்தான் விரும்புவார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. நிறுத்தக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

போஸின் படைக்குத் துணைநின்ற அதே ஜப்பான் ராணுவம், சிங்கப்பூரைப் பிடித்த மூன்றாம் நாளிலிருந்து சீன ஆண்களைத் தெருத்தெருவாகத் திரட்டியது. ஜப்பானுக்கு எதிரானவர்களைக் களையெடுப்பதாகச் சொன்னார்கள். முகமூடி போட்டவர்கள் கைகாட்டியவர்களை லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். சுக் சிங் என்ற அந்தப் படுகொலையில் இறந்தவர்கள் சுமார் 5,000 என்று ஜப்பான் தரப்பு சொன்னது. சீனச் சமூகத்தின் கணக்கு 50,000 வரை போகிறது. சாங்கி கடற்கரைப் பூங்காவில் அதற்கொரு நினைவுக்கல் இருக்கிறது. நாம் பிள்ளைகளை மணலில் விளையாட விடும் சென்டோசாவின் கரையிலும் அப்போது சடலங்கள் ஒதுங்கின. சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் அவற்றைப் புதைத்தார்கள். 2017-ல் ஃபோர்டு தொழிற்சாலைக் காட்சியகத்துக்கு, ஜப்பானியர் இந்த ஊருக்கு வைத்திருந்த 'சியோனான்' என்ற பெயரைச் சூட்டியபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டே நாளில் பெயரை எடுத்தார்கள். எழுபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் காயம் ஆறவில்லை.

சீனக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று அதே அறையில் நின்று அதே கேள்வியை அதன் அப்பாவிடம் கேட்டிருக்கும். எங்கள் பதிலும் அவர்கள் பதிலும் ஒன்றாக இருக்காது. இதை என் மகளிடம் அப்படியே சொன்னேன். போஸ் பெரிய மனிதர் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர் கை கோத்தவர்கள் செய்ததையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது, பக்கத்து வீட்டுச் சாவை நமக்கென்ன என்று கடந்து போவதாகும்.

அடுத்து வருவது இன்னும் கடினம், ஏனென்றால் அதில் செத்தது நம் ஆட்களே.

ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்கள் முடங்கின. கூலி இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்பு போனது. அந்த நேரத்தில்தான், சயாமில் (தாய்லாந்தில்) ரயில்பாதை வேலை இருக்கிறது, நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆள் சேர்த்தார்கள். நம்பிப் போனவர்கள் உண்டு. ஆள் கிடைக்காதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டுக் கதவைப் பூட்டி லாரியில் ஏற்றிய கதையைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், மலையும் காடும். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள் முடித்தார்கள். வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மலேயாத் தமிழர்கள் அதில் பெரும் பகுதி. போர்க்கைதிகளாக அங்கே வேலை செய்த மேற்கத்திய வீரர்கள் சுமார் 60,000 பேர். இறந்தவர்கள் 12,000-க்கும் அதிகம். அந்தக் கைதிகளிடம் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், யார் செத்தாலும் குறித்துவைக்க ஒரு கட்டமைப்பு இருந்தது. தோட்டத்துத் தொழிலாளிக்கு இதில் எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

இப்போது இரண்டு தேதிகளைப் பாருங்கள். இரண்டு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தது அக்டோபர் 21. நான்கு நாள் இடைவெளி. கேத்தேயில் கைதட்டியவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள், காட்டில் காலராவில் கிடந்தவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். பின்னர் பர்மாப் போர்முனைக்குப் போன இந்திய தேசிய ராணுவத்தினர் பலர் அதே ரயில்பாதை வழியாகத்தான் போனார்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அதுவரை பேசாமல் வந்த அம்மா பேசினார். எங்கள் பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். "எங்க பெரியப்பாரும் மலாய்க்குப் போனவருதான். சண்டை வந்த வருசம் காயிதம் நின்னுபோச்சு. செத்தாரா இருக்காரான்னு தெரியாமலே பெரியம்மா தாலியோட போய்ச் சேர்ந்துச்சு" என்றார். மகன் உடனே கேட்டான்: "அவர் எந்தப் பக்கம், அப்பத்தா?" அம்மாவுக்குத் தெரியவில்லை. படையில் சேர்ந்தாரா, ரயில்பாதைக்குப் போனாரா, தோட்டத்திலேயே பசியில் போனாரா, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் இப்படி ஒரு பெயராவது இல்லாத கிராமம் அரிது.

அன்று பிற்பகல் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனோம். ஊருக்கு வடக்கே, ஜொகூர் நீரிணையைப் பார்த்த மேட்டில் அழகான, அமைதியான இடம். 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள். உடல் கிடைக்காத 24,000 பேரின் பெயர்கள் சுவர்களில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தியப் பெயர்கள் ஏராளம். தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்குத் தனியே ஒரு நினைவுச்சின்னம் உண்டு, பெரும்பாலும் இந்தியர்கள். சிப்பாய்க்குப் பெயர் இருக்கிறது, படைப்பிரிவு இருக்கிறது, இறந்த தேதி இருக்கிறது. வேலைக்குப் போன தொழிலாளிக்கு எந்த ஊரிலும் இப்படி ஒரு சுவர் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பூத்துக் குலுங்கும் கல்லறைத் தோட்டம் உண்டு. நம்மவர்கள் மொத்தமாகப் புதைக்கப்பட்டவர்கள். 2023-ல்தான் அங்கே தமிழர்களுக்கென ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டு தாமதம்.

எழுத்தில் இந்தக் கடனைக் கொஞ்சமாவது அடைத்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள்தாம். ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இந்தப் போர்க்காலத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மலேசிய எழுத்தாளர் ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் தொழிலாளர்களின் பக்கம் நின்றது. பயணத்துக்கு முன் இவற்றில் ஒன்றைப் பெரியவர்கள் படித்துவிட்டுப் போனால் அருங்காட்சியகம் வேறுவிதமாகப் பேசும்.

பிள்ளைகளை இப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு வார்த்தை. பத்து வயதுக்குமேல் என்றால் தாராளமாகப் போகலாம். சிறுவர்களைச் சென்டோசாவிலேயே இருக்கும் சிலோசோ கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். பீரங்கிகளும் சுரங்கங்களும் அவர்களுக்குப் பிடிக்கும். சாங்கி தேவாலய அருங்காட்சியகத்தில் சிறை வாழ்வைப் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஃபோர்டு தொழிற்சாலையில் ஜப்பான் காலத்துப் பொருள்களின் முன்னால்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பார்கள். ஊர்க் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஏற்ப ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள் என்பது என் மகனை அசைத்துவிட்டது. "நம்ம கடிகாரத்தை அவங்க எப்படி மாத்தலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறர் ஆட்சி என்றால் என்ன என்று எந்தப் பாடப்புத்தகமும் அவனுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. படுகொலைப் படங்கள் முன்னால் அவசரப்படுத்தாதீர்கள். கண்ணை மூடவும் வேண்டாம். கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்கு, உண்மையைச் சொல்லுங்கள். திங்கட்கிழமைகளில் இவற்றில் சில மூடியிருக்கும், பார்த்துத் திட்டமிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்க வேண்டாம். நேரம் குறைவு என்றால் ஃபோர்டு தொழிற்சாலையும் கிராஞ்சியும் போதும். வழியில் பீச் ரோட்டில் நான்கு வெள்ளைத் தூண்கள் வானுயர நிற்பதையும் பார்த்துவிடுங்கள். 1967 பிப்ரவரி 15-ல் திறக்கப்பட்ட குடிமக்கள் போர் நினைவுச்சின்னம் அது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு இனத்துக்கும் ஒரே உயரத்தில் தூண். அடியில் எலும்புகள் வைத்த நூற்றுக்கணக்கான தாழிகள். கல்வெட்டில் தமிழும் இருக்கிறது. எந்த இனம் எவ்வளவு இழந்தது என்று அளந்து பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாக நினைவுகூர அந்த நாடு முடிவெடுத்தது. அது சரியான முடிவு.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மலேயா, பர்மா, சயாம் என்று போய்த் திரும்பாதவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட கடைசித் தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், கப்பலேறிய வருடம், கடைசிக் கடிதம் வந்த தோட்டம். பழைய தபால் உறை, போட்டோ எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். கைப்பேசியில் அவர்கள் குரலையும் பதியுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் தன் மக்களின் போர்க்கால நினைவுகளை 1980-களிலிருந்தே பேச வைத்துப் பதிவு செய்து காத்துவருகிறது. நம் மாவட்டங்களில் அந்த வேலையை இன்னும் தொடங்கவே இல்லை. அரசு தொடங்கட்டும், பல்கலைக்கழகங்கள் தொடங்கட்டும். அதுவரை காத்திராமல், இந்த வாரமே உங்கள் வீட்டில் தொடங்குங்கள்.